ஒரே ஜன்னல், இருபது ஜாடி

எனக்கும் என் ஓரகத்திக்கும் ஆகாது. பதினோரு வருடமாக ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, "கூடப் பிறந்தவ மாதிரி நெனச்சுட்டுப் போகலாமே" என்று எனக்குப் புத்தி சொல்லக் கூடாது. கூடப் பிறந்தவளோடும் எனக்கு ஆகாது, அது வேறு கதை.

ஓரகத்தி என்பவள் என் கணவரின் அண்ணன் மனைவி. லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில், இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருக்கிறோம். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு ஃப்ரிட்ஜ். நான் அவளை "அக்கா" என்று கூப்பிடுவேன். வாய் கூப்பிடும், அவ்வளவுதான். கட்டடத்தில் மற்றவர்கள் அவளைக் "குக்கர்" என்பார்கள். மூன்று விசில் அடிக்காமல் அடங்க மாட்டாள் என்பதால் வந்த பெயர். அதை வைத்தது நான்தான் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

சண்டைக்கு அவளுக்குக் காரணம் வேண்டியதில்லை, ஆள் கிடைத்தால் போதும். கேஸ் கொண்டுவருபவர் சிலிண்டரைத் தரையில் 'டங்' என்று வைத்தால் சண்டை. பஸ் பத்தடி தள்ளி நின்றால் டிரைவரோடு சண்டை. கீழ்வீட்டுக்காரி படியில் செருப்பை விட்டால் அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு போய் அவள் வீட்டு வாசலில் வைத்து, "உங்க வீட்டுப் பொருள் வழி தவறி வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு வருவாள். என்னோடு என்றால் கேட்கவே வேண்டாம். நான் உப்பு டப்பாவை இடப்பக்கம் வைத்தால் அவள் வலப்பக்கம் நகர்த்துவாள். நான் திரும்பவும் இடப்பக்கம் வைப்பேன். அந்த டப்பா நடந்த தூரத்தைக் கூட்டினால் பக்கத்து ஊருக்கே போயிருக்கும்.

அவளுக்கு ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. பதினேழு வருடம் ஆகிறது. ஒரு நாளைக்குப் பதினான்கு அறை, பதினான்கு குளியல் தொட்டி. தொட்டியை நின்றுகொண்டு தேய்க்க முடியாது, மண்டி போட்டுத்தான் தேய்க்க வேண்டும். தினமும் பதினான்கு தடவை மண்டி போட்டு எழுந்தால் முட்டி என்னத்துக்கு ஆகும்? மாலை நான்கு மணிக்கு அவள் படியேறி வரும்போது இரண்டாவது மாடியிலேயே முட்டி 'டக், டக்' என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நான் டிவியை அணைத்துவிட்டுத் தையல் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். நாள் முழுக்க உழைத்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள அரை மாடி நேரம் போதும்.

"இனிமே மண்டி போட்டீங்கன்னா, ஒரு நாள் போட்ட எடத்துலயே இருக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டார். அவரோடும் சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். புதுத்துணி தைப்பதில்லை. பேன்ட் அடி மடித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பிடிப்பது, பிரிப்பது. பாதிக்கு மேல் கறுப்புத் துணி. கறுப்பில் கறுப்பு நூலைப் பார்க்க வெயில் வேண்டும், விளக்கு உதவாது. எங்கள் வீட்டில் வெயில் வருவது கூடத்து ஜன்னலில் மட்டும். மற்ற ஜன்னல்களைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவரைத் தொடலாம். அந்தக் கூடத்து ஜன்னல் பத்து வருடமாக என்னுடையது. மிஷினை அதன் கீழே போட்டு, விளிம்பில் நூல் பெட்டி, கத்தரி, இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் எல்லாம் வைத்திருந்தேன்.

அந்த ஜன்னலுக்குத்தான் வினை வந்தது. மெழுகுவத்தியாக வந்தது.

ஹோட்டலில் மசாஜ் அறைகளில் வாசனை மெழுகுவத்தி ஏற்றுவார்கள். கண்ணாடி ஜாடிக்குள் மெழுகை ஊற்றி, நடுவில் திரி வைத்தது. அடியில் ஒரு விரல் மெழுகு மிஞ்சும்போது குப்பையில் போட்டுவிடுவார்கள், அதற்கு மேல் எரித்தால் சூட்டில் கண்ணாடி வெடித்துவிடுமாம். என் ஓரகத்திக்கு அந்த ஜாடிகளைப் பார்த்து மனசு கேட்கவில்லை. மேனேஜர் அம்மாவிடம் அனுமதிச் சீட்டு எழுதி வாங்கி, வாசலில் காவல்காரரிடம் காட்டி, தினமும் இரண்டு மூன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கட்டிய புருஷனைக்கூட அவள் அவ்வளவு பத்திரமாகக் கையில் பிடித்து நான் பார்த்ததில்லை.

முதலில் சுடுதண்ணீர் ஊற்றினாள். மெழுகு உருகி மேலே மிதந்தது. ஆறவிட்டிருந்தால் தட்டு மாதிரி எடுத்துப் போட்டிருக்கலாம். அவளுக்கு ஏது பொறுமை? அப்படியே சமையலறைத் தொட்டியில் சாய்த்தாள். ஒரு ஜாடி இல்லை, ஒன்பது ஜாடி. மறுநாள் நான் அரிசி களைந்த தண்ணீர் இறங்கவில்லை. அதற்கு மறுநாள் எதுவுமே இறங்கவில்லை. குழாய் வேலைக்காரர் வந்து அடியில் கழற்றி, வளைந்த ஒரு மெழுகுக் கொம்பை வெளியே இழுத்தார். ஒரு முழம் இருந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"இருபத்தஞ்சு வருஷமா சாக்கடை அடைப்பு எடுக்கறேன். மல்லிகை வாசனை வந்தது இதுதான் முதல் தடவை" என்றார்.

அன்று நான் கத்திய கத்தலில் என் தொண்டை மூன்று நாள் கட்டிக்கொண்டது. அவள் சும்மா இருப்பாளா? நான் என்றோ தொட்டியில் போட்ட நூல் குப்பையை இழுத்தாள், என் தலைமுடியை இழுத்தாள், கடைசியில் என் அம்மா வீட்டையும் இழுத்தாள். என் கணவர் வழக்கம்போல் அந்த நேரத்தில் அவசரமாகக் கடைக்குப் போய்விட்டார்.

குழாய் வேலைக்காரர் போகும்போது, "ஃப்ரீசர்ல வச்சீங்கன்னா மெழுகு சுருங்கிக்கும்மா. தட்டினா தானா கழண்டு வரும்" என்று ஒரு யோசனையை உதிர்த்துவிட்டுப் போனார். அவர் வாயில் மண் விழ. அதற்குப் பிறகு எங்கள் ஃப்ரீசர் முழுக்க ஜாடிதான். என் மீனெல்லாம் ரோஜா வாசம் அடித்தது. காலையில் அவள் ஜாடியைத் துண்டின்மேல் கவிழ்த்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவாள், மெழுகு முழுசாக வந்து விழும். அடியில் திரி ஒட்டியிருக்கும் தகட்டை மழுங்கல் கத்தியால் நெம்பி எடுப்பாள். விளிம்புக் கரியைப் பழைய பேப்பரால் துடைப்பாள். லேபிளை ஊறவைத்து உரித்து, பசையை எண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுப்பாள். எண்ணெய் என்னுடையது.

பிறகு அடியில் கூழாங்கல், மேலே கரித்தூள், அதற்கு மேல் மணல் கலந்த மண். அதில் குண்டு குண்டான இலையுள்ள சின்னச் செடி. ஹோட்டலில் அதற்கு சக்குலன்ட் என்று பெயராம். இவள் "குண்டுச் செடி" என்பாள். ஹோட்டல் தோட்டத்தில் உதிர்ந்து கிடந்த இலைகளைப் பொறுக்கி வந்து, நாலு நாள் காயவிட்டு, மண்மேல் சும்மா கிடத்துவாள். ஒரு மாதத்தில் இலையின் காம்புப் பக்கத்தில் மயிர் மாதிரி வேர் வரும். அப்புறம் பயறு அளவுக்கு ஒரு குட்டி வரும். குக்கர் அதன் பக்கத்தில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினோரு வருடத்தில் என் முகத்தை அவள் அப்படி ஒரு நிமிடம் பார்த்ததில்லை.

செடிக்கும் வெயில் வேண்டுமே. ஒரு நாள் நான் நூல் வாங்கக் கடைவீதிக்குப் போய்விட்டு வருவதற்குள் என் ஜன்னல் விளிம்பில் ஏழு ஜாடி ஏறி உட்கார்ந்திருந்தது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பார்கள். இவளுக்கு நான் இடமே கொடுக்கவில்லை.

அன்றைய சண்டைக்குக் கீழ்வீட்டுக்காரி வேடிக்கை பார்க்க நாற்காலியோடு வந்துவிட்டாள். அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், பேசவே பேசாத மனிதர். அன்றைக்குப் பேசினார். என் தையல் சாக்கட்டியை எடுத்து ஜன்னல் விளிம்பின் நடுவில் ஒரு கோடு கிழித்தார்.

"இந்தப் பக்கம் மிஷின், அந்தப் பக்கம் ஜாடி. இனிமே ஜன்னலைப் பத்தி யார் முதல்ல கத்தறாங்களோ, அவங்க சாமான் ஜன்னலை விட்டு எறங்கிடும். அப்புறம் ஏறாது. நான் சொன்னா சொன்னதுதான்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குக்கரைக் கத்தாமல் இருக்கச் சொல்வதும் மீனைக் குளிக்காமல் இருக்கச் சொல்வதும் ஒன்று. ஒரு வாரத்தில் ஜன்னல் முழுசாக என் கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அந்த வாரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. ஹோட்டல் முன்கூடத்துக்குப் புதுவண்ணம் அடிக்கிறார்கள், இரண்டு மாதத்தில் திறப்பு. மேசைக்கு ஒன்றாக இருபது ஜாடி வேண்டும் என்று மேனேஜர் அம்மா சொல்லியிருக்கிறாள். அது மட்டும் இல்லை. மாடிகளில் இருக்கும் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். இருபது ஜாடியும் சரியாக வந்தால் அந்த வேலை இவளுக்கு.

இரவுச் சாப்பாட்டின்போது இவள் எல்லாரிடமும் சொன்னாள். சொல்லும்போது இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நின்னுக்கிட்டே பாக்கற வேலை. கைல தண்ணி கேனு, ஒரு துணி. தொட்டி கிடையாது. மண்டி போடவே வேண்டாம்."

எனக்கும் காது கேட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த இருபது ஜாடியில் அவள் முட்டி இருந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த ஜன்னலில் என் கண் இருந்தது. அவள் செடியின் நிழல் விழுந்து, ஒருவருடைய கறுப்புக் கோட்டில் ஜிப்பைக் கோணலாகத் தைத்துவிட்டேன், அவர் அதை என் முகத்தில் எறியாத குறையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அதை யாரும் சாப்பாட்டு நேரத்தில் பேசவில்லை.

அவளைக் கத்தவைக்க நான் என்னென்னவோ செய்தேன். அவள் பக்கத்து வெயிலை மறைத்து நனைந்த கோட்டைத் தொங்கவிட்டேன். பேசாமல் எடுத்து மடித்து வைத்தாள். ஃப்ரீசரிலிருந்த ஜாடிகளை எடுத்து வெளியே வைத்தேன். பேசாமல் திரும்ப உள்ளே வைத்தாள். "குண்டுச் செடிக்கு ஏத்த குண்டம்மா" என்று அவள் காதுபடப் பாடினேன். பல்லைக் கடிக்கும் சத்தம்தான் கேட்டது. பதினோரு வருடத்தில் முதல்முறையாகக் குக்கர் விசில் அடிக்கவில்லை. எனக்கு அது பயமாகக்கூட இருந்தது.

வழியை அவளே காட்டிக்கொடுத்தாள். ஒரு நாள் கூட வேலை செய்பவளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் பட்டினிதான் மருந்து. பதினஞ்சு நாளைக்கு ரெண்டு ஸ்பூன் தண்ணி. ஜாடி அடில ஓட்டை கிடையாது பாரு, ஊத்தினா வெளிய போக வழி இல்ல. ஒரு வாரம் தண்ணி நின்னா வேர் அழுகிடும்."

மறுநாள் காலை பத்து மணி. அவள் ஆறுக்கே வேலைக்குப் போய்விட்டாள், ஆண்களும் போய்விட்டார்கள். இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்தேன். மூக்கு நீளமான பாட்டில், மண்ணுக்குள் விட்டு அழுத்தினால் மேலே ஒரு சொட்டு ஈரம் தெரியாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக இருந்த ஜாடிகளுக்கு ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டே போனேன். எண்ணவில்லை. எண்ணி என்ன செய்ய?

அடுத்த நாள் போய்ப் பார்த்தால் ஜாடிக்குள் தண்ணீரே இல்லை. கூழாங்கல் காய்ந்து கிடந்தது. அடேயப்பா, என்ன குடி குடிக்கிறது என்று நினைத்தேன். நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. நான் ஊற்ற ஊற்ற அது குடித்தது. எனக்கும் வைராக்கியம் வந்துவிட்டது. செடிக்கும் எனக்கும் நேர்ப் பகை ஆகிவிட்டது. தினமும் பத்து மணிக்கு வேறு எந்த வேலையாக இருந்தாலும் விட்டுவிட்டு பாட்டிலோடு போனேன். பூ வைத்துக் கும்பிடுகிறவர்கள்கூட அவ்வளவு நேரம் தவறாமல் போக மாட்டார்கள்.

அந்த நாட்களில் குளியலறைக் கொடியில் புதிதாக ஒன்றைப் பார்த்தேன். பழைய துண்டைக் கிழித்து முறுக்கிய மெல்லிய துணித் திரிகள், வரிசையாக, ஈரமாகத் தொங்கின. முட்டிக்கு ஏதோ கட்டுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். அவள் முட்டி விஷயத்தை நான் விசாரிக்கப் போவதில்லை.

மூன்றாவது வாரத்தில் முதல் செடி விழுந்தது. இலைகள் உரித்த திராட்சை மாதிரி ஒளி ஊடுருவ ஆரம்பித்தன. தண்டின் அடி பழுப்பானது. தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தது. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக. அவள் தினமும் வேலை முடிந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் ஜன்னல் முன்னால் வந்து நிற்பாள். எதையாவது கிள்ளி எடுப்பாள். நல்ல இலையைத் தேடித் திரும்ப நடுவாள். நான் மிஷினில் குனிந்துகொண்டு கால் மிதிப்பேன், துணியே இல்லாமல்கூட மிதித்திருக்கிறேன். கத்து, கத்து, கத்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மிதிப்பேன்.

அவள் கத்தவில்லை.

திறப்புக்கு முதல் நாள் அவள் ஜாடி எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. திறப்பன்றும் வெறுங்கையோடு போனாள், மாலை வெறுங்கையோடு திரும்பி வந்தாள். முட்டிச் சத்தம் இரண்டாவது மாடியில் வெகுநேரம் நின்றது. பிறகு மெதுவாக மேலே வந்தது.

"என்ன ஆச்சு?" என்று மாமா கேட்டார்.

"பிளாஸ்டிக் செடி வாங்கி வச்சுட்டாங்க. பாக்க நல்லாத்தான் இருக்கு. தண்ணி வேண்டாம், வெயில் வேண்டாம், ஆளும் வேண்டாம்." செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தாள். "தூசி மட்டும் துடைக்கணுமாம். அந்த வேலை எனக்குக் குடுத்திருக்காங்க. எல்லாம் குட்டை மேசை. மண்டி போட்டாத்தான் எட்டும்."

மாமா உள்ளே போய்விட்டார். அவள் ஒரு நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தரையில் பேப்பரை விரித்து, ஜாடிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்க்க ஆரம்பித்தாள். அழுகிய வாடை கூடம் முழுக்க வந்தது. நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தவள் சும்மா இருந்திருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் நான் நானே இல்லையே.

"என்னக்கா ஆச்சு எல்லாத்துக்கும்? பாவம்" என்றேன்.

அவள் ஒரு ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் என் மூஞ்சிக்கு நேராகப் பிடித்தாள். கூழாங்கற்களுக்கு நடுவே அரை விரல் தண்ணீர் நின்றது. அன்று காலை நான் ஊற்றியது.

"இது என்னது?"

"ஜாடி."

"கண்ணாடி ஜாடி. மண் சட்டியா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம்டி, கண்ணாடிக்குள்ள தண்ணியை மறைக்க முடியாது. முதல் நாளே பாத்துட்டேன்."

அவள் குரல் ஏறவே இல்லை. எங்கள் வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"அஞ்சு மணிக்கு எழுந்து ஒவ்வொரு ஜாடிலயும் துணித் திரி விட்டு உறிஞ்சி எடுப்பேன். பிழிஞ்சு காயப்போட்டுட்டு வேலைக்குப் போவேன். நீ பத்து மணிக்கு ஊத்துவ. மறுபடியும் நான் எடுப்பேன். நீ கொஞ்சமா ஊத்தியிருந்தா பொழைச்சிருக்கும். நீதான் தினமும் கூட்டிக்கிட்டே போனியே."

"தெரிஞ்சா கேக்க வேண்டியதுதானே?" என்றேன். எனக்கு அந்த நேரத்தில் அவள்மேல் கோபம்தான் வந்தது. இத்தனை நாளாக நான் அவளை ஏமாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"கேட்டாக் கத்துவேன். எனக்குக் கத்தாம கேக்கத் தெரியாது. கத்தினா ஜன்னல் போயிடும்."

"வேற எங்கயாவது கொண்டுபோய் வச்சிருக்கலாம்."

"எங்க? உன் தலை மேலயா?"

பதினெட்டு, பத்தொன்பது என்று கடைசி ஜாடியையும் கவிழ்த்தாள். ஈர மண்வாடையும் அழுகல் வாடையும் மெழுகின் மிச்ச வாசனையும் சேர்ந்து அடித்தன. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். தூசி துடைக்கும் குட்டை மேசைகள் கண் முன்னால் வந்தன. இருபது மேசை. இருபது தடவை கூடுதலாக மண்டி. இதற்கு முன் பதினான்குதான் இருந்தது. நான் அவளுக்கு ஒன்றையும் குறைக்கவில்லை, கூட்டிவிட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, வேறு வார்த்தை போட்டு மழுப்ப விரும்பவில்லை.

"ஆனா ஒண்ணு" என்றாள்.

நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, சாக்கட்டிக் கோட்டைத் தாண்டிக் கையை நீட்டி, என் நூல் பெட்டியை ஒரு பக்கமாக நகர்த்தினாள். அதற்குப் பின்னால், ஜன்னல் கண்ணாடியை ஒட்டினாற்போல், ஒரு சின்ன ஜாடி இருந்தது. டீ கிளாஸ் அளவுதான். உள்ளே செடி இறுக்கமாக, கொழுத்து, இலை ஓரமெல்லாம் சிவந்து, பக்கத்தில் ஒரு குட்டியும் போட்டிருந்தது.

"இருபதாவது" என்றாள். "என் பக்கத்துல பத்தொன்பதுதான் புடிச்சுது. உன் பக்கத்துல கொண்டுவந்து ஒளிச்சு வச்சேன். எப்ப பாக்கப் போறியோ, எப்பக் குதிக்கப் போறியோன்னு தினமும் பயந்துக்கிட்டே இருந்தேன். ஒரு நாளைக்கு நூறு தடவை இந்தப் பெட்டியைத் திறந்து நூல் எடுக்கற, உனக்குத் தெரியாமலா இருக்கும்? கோட்டைத் தாண்டி வச்சதுக்கு ஒரு வார்த்தை கேக்கல. எல்லாத்துக்கும் ஊத்தின, இதுக்கு மட்டும் ஊத்தல. தினமும் காலைல எடுத்துப் பாப்பேன், காஞ்சே இருக்கும்."

நான் வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒண்ணும் சொல்லாத. சொன்னா கெட்டுப்போயிடும். இது ஒண்ணு இல்லேன்னா இன்னிக்கு உன் மிஷின் மூணாவது மாடிலேருந்து கீழ போயிருக்கும். இவளுக்குள்ளயும் ஏதோ ஒரு மூலைல கொஞ்சம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். அதனால பேசாம இருந்தேன்."

அந்த ஜாடியைத் துணியால் துடைத்து, சாக்கட்டிக் கோட்டின் மேலேயே, அவள் பக்கமும் இல்லாமல் என் பக்கமும் இல்லாமல் நடுவில் வைத்தாள். பேப்பரைச் சுருட்டி அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். போகிற போக்கில் உப்பு டப்பாவை வலப்பக்கம் நகர்த்தும் சத்தம் கேட்டது.

இப்போது ஜன்னல் என்னுடையது. கறுப்பில் கறுப்பு நன்றாகத் தெரிகிறது. எங்கள் சண்டை நிற்கவில்லை, அவள் பழையபடி விசில் அடிக்கிறாள், நானும் விடுவதில்லை. ஆனால் சண்டையின் நடுவில் என்ன இழுத்தாலும் செடியை மட்டும் இழுப்பதில்லை. போன வாரம் படிக்கட்டில் கீழ்வீட்டுக்காரியிடம் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"அவ மோசக்காரிதான், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா அடியோட மோசம் கிடையாது. எனக்குத் தெரியும்."

பதினோரு வருடத்தில் என்னைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. சொல்லிவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள். டக், டக், டக்.

அவளிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன். நான் எதையும் விட்டுவைக்கவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்து நூலை எடுப்பேன், பெட்டியை நகர்த்த மாட்டேன். அதற்குப் பின்னால் ஒரு ஜாடி இருந்ததே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கும் ஊற்றியிருப்பேன்.